பினாங்கில் மூன்று நாள்: முதல்முறை போகிறவர்களுக்கு

தென்காசியிலிருந்து வந்த அத்தையையும் மாமாவையும் பினாங்குக்கு அழைத்துப்போக, கிள்ளானில் உட்கார்ந்து இரண்டு வாரம் திட்டம் போட்டேன். அதில் பாதி முதல் நாளிலேயே கலைந்தது. ரயிலில் இடம் கிடைக்கவில்லை. பஸ் நாங்கள் நினைத்த இடத்தில் இறக்கிவிடவில்லை. தேடிப்போன கடைகளில் மூன்று மூடியிருந்தன. மாமாவின் தட்டில் அவர் வாழ்நாளில் தொடாத ஒன்று கலந்துவிட்டது. சில மாதங்கள் கழித்து அம்மாவுடன் மறுபடி போனேன். ஏறத்தாழ அதே செலவில் எல்லாம் நன்றாக அமைந்தது. இரண்டாம் முறை எதை முதலில் முடிவு செய்தேன், எங்கே எச்சரிக்கையாக இருந்தேன் என்பதை அப்படியே எழுதுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும், கோலாலம்பூர் பக்கமிருந்து போகிறவர்களுக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் கிழமையை முடிவு செய்யுங்கள்

எல்லோரும் கடைப் பெயர்களைத்தான் பட்டியல் போடுகிறார்கள். நானும் போட்டேன். ஆனால் பினாங்கில் பல கடைகள் ஒரு குடும்பம், ஓர் அடுப்பு என்ற அளவில் நடப்பவை. அந்த மனிதர் ஓய்வெடுக்கும் நாளில் அந்தச் சாப்பாடு கிடையாது. வார விடுமுறை கடைக்குக் கடை மாறும். நாங்கள் முதல்முறை போனது செவ்வாய், புதன், பெரிய ஏமாற்றம்.

வெள்ளி பிற்பகல் போய்ச் சேர்ந்து ஞாயிறு மாலை கிளம்புவதே என் கணக்கில் சிறந்தது. வெள்ளி மாலை மாரியம்மன் கோயில், சனிக்கிழமை முழுவதும் தெருக்களும் சாப்பாடும், ஞாயிற்றுக்கிழமை சந்தையும் பாட்டும் என்று பொருந்தி வருகிறது. வார இறுதியில் அறை வாடகை கூடும் என்பது உண்மைதான். முன்கூட்டியே பதிவு செய்தால் அந்தக் கூடுதலில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

நாள் பார்க்கும்போது இவற்றையும் கவனியுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காக முஸ்லிம் கடைகள் பல ஒன்றிரண்டு மணி நேரம் மூடியிருக்கும். நோன்பு மாதத்தில் அவற்றில் பெரும்பாலானவை பகலில் திறக்காது. மாலையில் நோன்புச் சந்தைகள் களைகட்டும். சீனப் புத்தாண்டையொட்டிச் சீனர் கடைகள் பல நாள்களுக்கு அடைத்திருக்கும். பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார இறுதியிலும் முதல்முறை போகாதீர்கள். வரிசையில் நிற்பதிலேயே பயணம் முடிந்துவிடும். தைப்பூசத்துக்குப் போவதென்றால் அது தனி ஏற்பாடு. பல மாதங்களுக்கு முன்பே அறை பிடித்தாக வேண்டும்.

2. ஆவணங்கள்

மலேசியர்களுக்கு அடையாள அட்டை போதும். அடுத்த பகுதிக்குப் போய்விடுங்கள்.

இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு: இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள்கள் வரை விசா இல்லாமல் வரலாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பிந்தைய பயணம் என்றால் டிக்கெட் வாங்கும் முன் நிலவரத்தைப் பாருங்கள். கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். திரும்பும் டிக்கெட்டையும் தங்குமிடப் பதிவையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். கேட்டால் கைப்பேசியைத் துழாவிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

விசா வேண்டாம் என்றாலும், எம்.டி.ஏ.சி. எனப்படும் மின்னியல் வருகை அட்டை கட்டாயம். வருவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் குடிநுழைவுத் துறையின் இணையத்தளத்தில் நிரப்ப வேண்டும். குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனித்தனி. இது முற்றிலும் இலவசம். தேடினால் இதே அட்டையை நிரப்பித் தருவதாகச் சொல்லிக் கட்டணம் கேட்கும் தளங்கள் முதலில் வந்து நிற்கும். அத்தை அப்படி ஒரு தளத்தில் இருவருக்கும் பணம் கட்டிவிட்டுத்தான் என்னிடம் சொன்னார். அரசுத் தளம் பணம் கேட்காது, கேட்டால் மூடிவிடுங்கள்.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நமக்கு முன்னெழுத்து, கடப்பிதழில் தகப்பனார் பெயரோ கணவர் பெயரோ விரிந்து நிற்கும். விமானம், வருகை அட்டை, ரயில் எல்லாவற்றிலும் கடப்பிதழில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து போடுங்கள். ஓரிடத்தில் முன்னெழுத்தும் இன்னோரிடத்தில் முழுப்பெயரும் வேண்டாம்.

3. போய்ச் சேருவது

2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானச் சேவை தொடங்கியது. உங்கள் தேதியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிடைத்தால் கோலாலம்பூர் வழியாகச் சுற்ற வேண்டாம். விமான நிலையம் பாயான் லெப்பாஸில் இருக்கிறது. அங்கிருந்து பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனுக்கு ஏறத்தாழ முக்கால் மணி நேரம். பெட்டி இருந்தால் கிராப் வண்டி (கைப்பேசிச் செயலியில் அழைக்கும் வாடகை வண்டி), இல்லாவிட்டால் பஸ்.

கோலாலம்பூரிலிருந்து என்றால் என் முதல் தேர்வு இ.டி.எஸ். எனப்படும் மின்சார விரைவு ரயில். கே.எல். சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு நான்கு முதல் நான்கரை மணி நேரம். நாங்கள் வாங்கியபோது ஒருவழிக் கட்டணம் அறுபது வெள்ளியிலிருந்து (மலேசிய ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்போம்) எண்பது வெள்ளிக்குள் இருந்தது. தீவுக்குள் ரயில் கிடையாது; பட்டர்வொர்த் பெருநிலத்தில் உள்ள கடைசி இறங்குமிடம். வெள்ளி, ஞாயிறு இருக்கைகள் வேகமாகத் தீரும். போகும் டிக்கெட்டை வாங்கும் அதே நிமிடத்தில் திரும்பும் டிக்கெட்டையும் வாங்கிவிடுங்கள். முதல்முறை நான் அதைச் செய்யவில்லை. போவதற்கே இடம் இல்லாமல் பஸ்ஸில் ஏறினோம்.

பஸ்ஸில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது. டிக்கெட்டில் வெறுமனே பினாங்கு என்றிருக்கும். சில பஸ்கள் தீவிலுள்ள சுங்கை நிபோங் நிலையத்துக்குப் போகும். சில பட்டர்வொர்த்திலுள்ள பினாங்கு சென்ட்ரலோடு நின்றுவிடும். எங்கள் பஸ் தாமதமாகி இரவு பதினொன்றரைக்கு மேல் பட்டர்வொர்த்தில் இறக்கிவிட்டது. படகும் நின்றுவிட்டது. முழங்கால் வலிக்கார அத்தையோடு வண்டி தேடிப் பாலம் வழியாகப் போனோம். பஸ் டிக்கெட் வாங்கும்போது இறங்கும் நிலையத்தின் பெயரைப் பார்த்து வாங்குங்கள். இரவு எட்டு மணிக்குள் போய்ச் சேரும்படி கிளம்புங்கள்.

பகலில் போனால் படகுப் பயணத்தைத் தவறவிடாதீர்கள். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே படகுத்துறைக்குப் போகலாம். ஆளுக்கு 2 வெள்ளி, கால் மணி நேரம்கூட ஆகாது. ரொக்கம் வாங்குவதில்லை, டச் என் கோ எனப்படும் பணம் ஏற்றும் அட்டை அல்லது வங்கி அட்டை வேண்டும். கடல் காற்று முகத்தில் அடிக்க, கொம்தார் கோபுரமும் பின்னால் மலையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும். ஊருக்குள் நுழைய அதைவிட நல்ல வழி இல்லை.

4. தங்குமிடம்

2008-ல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்ந்த பழைய ஜார்ஜ் டவுன் பகுதிக்குள்ளேயே தங்குங்கள். கடற்கரை விடுதி அழகுதான். ஆனால் கடற்கரைப் பகுதியான பத்து பிரிங்கியிலிருந்து ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் வண்டி பிடிக்க வேண்டியிருக்கும். நடந்தே எட்டக்கூடிய இடத்தில் அறை இருந்தால் நண்பகலில் திரும்பிவந்து இரண்டு மணி நேரம் படுக்கலாம். பெரியவர்களோடு போகிறவர்களுக்கு அந்த ஓய்வு மிக முக்கியம்.

பழைய கடைவீடுகளை விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். படத்தில் கண்ணைப் பறிக்கும். மரப்படி ஏணிபோல் செங்குத்தாக இருக்கும், மின்தூக்கி இருக்காது. பதிவு செய்யும் முன், தரைத்தள அறை உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். லவ் லேன், சூலியா தெருவின் மதுக்கூடப் பகுதிகளில் நள்ளிரவு தாண்டியும் சத்தம் இருக்கும்.

வாடகைக்கு மேல் இரண்டு கட்டணங்கள் உண்டு. வெளிநாட்டினருக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி. பினாங்கு மாநிலத்தின் தங்குமிடக் கட்டணம் அறைக்கு ஓர் இரவுக்கு 2 அல்லது 3 வெள்ளி. இது மலேசியர்களுக்கும் உண்டு. இணையத்தில் முன்பணம் கட்டியபோதே சுற்றுலா வரியைப் பிடித்திருக்கலாம். எங்களிடம் விடுதியில் மறுபடி கேட்டார்கள். ரசீதைக் காட்டிய பிறகு விட்டுவிட்டார்கள். ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். முன்வைப்புத் தொகையும் கேட்பார்கள், கிளம்பும்போது திருப்பிக் கேட்டு வாங்குங்கள்.

5. பணமும் பஸ்ஸும்

டச் என் கோ அட்டை ஒன்றைக் கோலாலம்பூரிலேயே வாங்கிப் பணம் ஏற்றுங்கள். அங்காடிக் கடைகளுக்கு ரொக்கம் வேண்டும். 1, 5, 10 வெள்ளித் தாள்களாக மாற்றி வையுங்கள். ரேபிட் பினாங்கு பஸ்களில் ஓட்டுநர் சில்லறை தரமாட்டார், சரியான தொகையைப் போட வேண்டும். நகரத்துக்குள் சுற்றும் கேட் பஸ் இலவசம். படகுத்துறையும் கொம்தாரும் பஸ்களின் இரண்டு மையங்கள். வழி தெரியாவிட்டால் ஏதாவது ஒன்றுக்கு வந்துவிடுங்கள்.

6. சாப்பாடு: கடைக்கு முன் நேரம்

ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஒவ்வொரு வேளைக்கும் ஒரு தட்டை இருவர் பகிர்வது. இந்தக் கணக்கை மீறினால் மூன்றாம் நாள் எதைப் பார்த்தாலும் வேண்டாம் என்றிருக்கும்.

காலை: ஜாலான் டிரான்ஸ்பர் தெருவில் அஞ்சடியில் (கடைகளின் முன்னுள்ள நடைபாதையில்) மேசை போட்டிருக்கும் ரொட்டி சானாய் கடை. ரொட்டியின் மேலேயே குழம்பை ஊற்றித் தருவார்கள். எட்டரைக்குள் போங்கள். நண்பகல்: நாசி கண்டார். பிற்பகல்: பினாங்கு ரோட்டை ஒட்டிய கெங் குவீ சந்தில் செண்டோல் (தேங்காய்ப்பாலும் ஐஸும் கலந்த இனிப்பு), 1936-லிருந்து நடக்கும் கடை அங்கே இருக்கிறது. வெயில் உச்சியில் நின்றபடியே ஒரு கிண்ணம் குடித்தால் போதும். மாலை: பசெம்போர் (குழம்பு ஊற்றிய காய், வடைக் கலவை) அல்லது பேங்காக் லேனில் மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்). இரவு: லோரோங் பாரு அங்காடிகள். அங்கே சார் குவே தியாவ் (வறுத்த பட்டை அரிசி நூடுல்ஸ்), அசாம் லக்சா (புளித்த மீன் குழம்பு நூடுல்ஸ்) எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கும்.

நாசி கண்டார் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது தமிழ் முஸ்லிம்கள் இந்த ஊருக்குக் கொடுத்த சாப்பாடு. தோளில் கம்பு போட்டு, ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்பு என்று சுமந்து விற்றதால்தான் அந்தப் பெயர். கேம்பல் தெருவில் 1907-லிருந்து இருக்கும் ஹமீதியாவில் தொடங்கலாம்; சந்துக்குள் இருக்கும் லைன் கிளியருக்கும் போகலாம். வரிசையில் நிற்கும்போது முன்னால் இருப்பவரின் தட்டைக் கவனியுங்கள். சோறு விழும், கறி விழும், பிறகு கரண்டி ஒரு சட்டியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். கோழிக் குழம்பு, மீன் குழம்பு, கறுத்த மசாலா, ஒன்றன்மேல் ஒன்றாக. எல்லாம் பத்து நொடிக்குள். சோறு நனைந்து மூழ்கும்படி ஊற்றுவதற்கு பஞ்சீர் என்று பெயர், வெள்ளம் என்று பொருள். நாசி கண்டாரின் ருசியே அந்தக் கலவையில்தான் இருக்கிறது.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் தவறுவதும் இங்கேதான். கோழி மட்டும் வாங்கினாலும், கலந்து ஊற்றும் குழம்புகளில் ஒன்று மாட்டுக் குழம்பாக இருக்கலாம். பாதிச் சாப்பாட்டில் அது தெரிந்ததும் மாமா தட்டை மெதுவாகத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து கை கழுவினார். ஒரு வார்த்தை பேசவில்லை. கடைக்காரர் மீது குற்றமில்லை. சொல்ல வேண்டியது நான். சோறு விழும் முன்பே சொல்லிவிடுங்கள்: "குவா டாகிங் தக் மாவ்", மாட்டுக் குழம்பு வேண்டாம். குழம்பைத் தனியாகக் கேட்க "குவா பிசா" என்று சொல்லலாம். பரிமாறுகிறவர் தமிழராக இருந்தால் தமிழிலேயே சொல்லலாம். அம்மாவோடு போனபோது, "அண்ணே, மாட்டுக் குழம்பு படாமல் கொடுங்கள்" என்றேன். அவர் கரண்டியை மாற்றிப் புதிதாக எடுத்துக்கொண்டு, "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டார். அம்மா தென்காசி என்றதும், "எங்கள் அத்தா கடையநல்லூர்" என்றார். பின்னால் நின்ற வரிசை கொஞ்சம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

விலையும் தட்டைப் பார்த்துச் சொல்வதுதான். கோழி, முட்டை, வெண்டைக்காய் வைத்த தட்டு பத்திலிருந்து பதினைந்து வெள்ளியில் முடிந்தது. பெரிய இறாலையும் கணவாய் முட்டையையும் கைகாட்டினால் இரண்டு மடங்கு ஆகும். அவற்றைத் தொடும் முன் விலை கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு லெபோ பினாங்கில் உட்லண்ட்ஸ் இருக்கிறது. லிட்டில் இந்தியாவில் வேறு கடைகளும் உண்டு. மற்ற இடங்களில் கீரைப் பொரியலிலும் சம்பால் எனப்படும் மிளகாய்த் துவையலிலும் இறால் விழுது இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. சீனர் கடையின் சார் குவே தியாவ் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில் வதக்கியது. ஹலால் பார்க்கிறவர்கள் முஸ்லிம் கடைகளில் அதையே கேட்டு வாங்கலாம்.

சீனர் காப்பிக் கடைகளில் உட்கார்ந்தால் பானத்தைக் கடை முதலாளியிடம் வாங்க வேண்டும். சாப்பாடு ஒவ்வொரு அடுப்புக்காரரிடமும் தனி. தட்டு வரும்போது அவரவருக்கே பணம். நாங்கள் கடைசியில் மொத்தமாகக் கட்டலாம் என்று உட்கார்ந்திருந்தோம், அது வழக்கமில்லை. தேநீர் எங்கும் அதிக இனிப்பு. "குராங் மானிஸ்" என்றால் இனிப்புக் குறையும். சர்க்கரை நோயாளிகள் "தே ஓ கோசோங்" என்று கேளுங்கள். பாலும் சர்க்கரையும் இருக்காது.

7. தெருக்கள்

காலை ஏழிலிருந்து பத்தரை, மாலை நான்கரைக்குப் பிறகு. இடையில் நடக்காதீர்கள். பினாங்கு வெயில் ஈரத்தோடு சேர்ந்து அடிக்கிறது. இரண்டு தெரு நடந்ததும் பெரியவர்கள் தளர்ந்துவிடுகிறார்கள். அஞ்சடியில் நிழல் உண்டு, ஆனால் வழியெங்கும் மோட்டார் சைக்கிள்கள். தெருவில் இறங்கி ஏறத் தயாரான செருப்பு போடுங்கள்.

ஆர்மேனியன் தெருவின் சுவரோவியங்களைப் பார்க்க ஆசைப்பட்டால் எட்டு மணிக்கு முன் போய்விடுங்கள். பிறகு படம் எடுக்கும் கூட்டம்தான் தெரியும். அங்கிருந்து மரக்கால்கள் மேல் நிற்கும் சூ ஜெட்டி குடியிருப்பு அருகில்தான். அவை மக்கள் குடியிருக்கும் வீடுகள். வாசலில் எட்டிப் பார்க்காதீர்கள்.

நான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வது ஒரே தெருவுக்கு: ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். ஒரு முனையில் 1818-ல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். நடந்து வந்தால் குவான் யின் கோயிலின் ஊதுபத்திப் புகை. பக்கத்திலுள்ள குவீன் தெருவில் 1833-ஆம் ஆண்டின் மகா மாரியம்மன் கோயில். மேலும் நடந்தால் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். எல்லாம் பத்து நிமிட நடைக்குள். கோயில் நண்பகலில் நடை சாத்தி மாலையில் திறக்கும், அதற்கேற்பப் போங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை இருந்தால் எங்கும் தடையில்லை.

தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஒரு காலை ஒதுக்குங்கள். மலைமேல் பால தண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். ஏழு மணிக்கே ஏறத் தொடங்குங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற முடியாதவர்கள் கீழே நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கலாம். அம்மா அங்கேதான் இருந்தார். அந்தக் குளிர்ந்த தரையை விட்டு எழுந்துவர அவருக்கு மனமில்லை.

8. இசை

டிக்கெட் வாங்கிக் கேட்கும் கச்சேரியை நம்பிப் போகாதீர்கள். உங்கள் தேதியில் ஒன்று அமைந்தால் நல்லது. பினாங்கின் இசை தெருவில் கிடைக்கிறது, அதற்கு நேரம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

வெள்ளி மாலை ஏழு மணிக்குக் குவீன் தெருவில் நில்லுங்கள். லெபோ பசாரின் கடைகளிலிருந்து ஒலிபெருக்கிகளில் பழைய திரைப்பாடல்கள். ஒரு கடையின் பாட்டு முடிவதற்குள் அடுத்த கடையின் பாட்டு காதைப் பிடித்துக்கொள்ளும். நாங்கள் போன அன்று கோயிலுக்குள்ளிருந்து தவிலும் நாகசுரமும் எழுந்தன. சற்று நேரத்தில் மஃரிப் (அந்தித் தொழுகை) பாங்கு. பூக்கடைக்காரர் ஒருவர் கையை நீட்டித் தன் கடை ஒலிபெருக்கியைத் தணித்தார். பாங்கு முடியும்வரை அதைத் திரும்ப ஏற்றவில்லை. அந்த ஐந்து நிமிடத்துக்காக மறுபடியும் போவேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு ஹின் பஸ் டெப்போ. பழைய பஸ் பணிமனை இன்று கலைக்கூடம். ஞாயிறு சந்தையில் இளைஞர்கள் பாடுகிறார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. மலாய்ப் பாடகரும் நடிகருமான பி. ரம்லி 1929-ல் பிறந்த மரவீடு இதே ஊரில் இருக்கிறது, அவர் பாடல்களைக் கேட்டவர்கள் போகலாம். அவர் கதாநாயகனாக நடித்த முதல் படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் சீனர்களின் ஏழாம் மாதம் வரும். அப்போது தெருமுனைகளில் மேடை போட்டு நாடகமும் பாட்டும் நடக்கும், யார் வேண்டுமானாலும் கேட்கலாம். முன்வரிசை நாற்காலிகளில் உட்காராதீர்கள். அவை காலியாக இருப்பது இறந்தவர்களுக்காக. ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் ஜார்ஜ் டவுன் விழாவும் நடக்கும். நிகழ்ச்சிப் பட்டியல் வெளியான பிறகு டிக்கெட் எடுங்கள்.

9. செலவும் திரும்புதலும்

கோலாலம்பூரிலிருந்து இரண்டு இரவு, இருவர் ஓர் அறையில். எங்களுக்கு ஆன கணக்கு, ஆளுக்கு: ரயில் இருவழி 140 வெள்ளி, அறையில் பாதிப் பங்கு 180, சாப்பாடு 130, உள்ளூர்ப் பஸ், படகு, கிராப் சேர்ந்து 50. ஐந்நூறு வெள்ளியில் முடிந்தது. அவசரத்துக்கு இன்னொரு நூறு வைத்திருங்கள்.

திரும்பும் நாளில் ரயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்பே அறையை விட்டுக் கிளம்புங்கள். படகுக்கான வரிசை, கடக்கும் நேரம், நிலையத்துக்கு நடை எல்லாம் அதற்குள் அடங்கும். ஊறுகாய் வாங்குவதென்றால் அன்று காலையே சௌராஸ்தா சந்தையில் முடித்துவிடுங்கள். ஜாதிக்காய், மாங்காய், நெல்லிக்காய் எல்லாம் கண்ணாடிச் சாடிகளில் இருக்கும், ருசி பார்க்கத் தருவார்கள். சாறு உள்ளதை வாங்கினால் இரண்டு பையாகக் கட்டச் சொல்லுங்கள். அம்மாவின் புடவையில் பட்ட ஜாதிக்காய்க் கறை இன்னும் போகவில்லை.